கூரையில் ஒரு விரிசல்

என் இரத்தத்தில் ஒரு துளி எனக்கு வெளியே உயிரோடு பறந்துகொண்டிருக்கிறது என்று வாசுகி நினைத்துக்கொண்டாள். முழங்கைக்குக் கீழே சிவந்த தடிப்பு அரித்தது. கண்ணாடிக் கூரைக்குள் அடைந்துகிடந்த அந்த நகரத்தில் பல தலைமுறைகளாக எந்தப் பூச்சியும் மனிதரைத் தொட்டதில்லை.

"இத்தனை பேர் இருக்க, உன்னையா பிடிச்சுது அதுக்கு?" என்று சிரிக்கப் பார்த்தான் கணவன் சபேசன். சிரிப்பு வரவில்லை.

சுகாதாரப் பிரிவிலிருந்து வந்திருந்த பெண் தடிப்பைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். "கொசுதான்க்கா. கூரையில எங்கயோ விரிசல் இருக்கு. எங்க நின்னப்ப கடிச்சுதுன்னு சொன்னா அடைச்சிடுவோம். மறைச்சா உங்களைக் கூரைக்கு வெளியே அனுப்பிடுவாங்க."

"சொல்லித் தொலையேன் வாசு" என்றான் சபேசன்.

இடம் அவளுக்குத் தெரியும். கூரையைத் தாங்கும் கடைசித் தூணுக்குப் பின்னால் விரலகலத்தில் ஓர் இடைவெளி. அதன் வழியே வந்த ஈரக் காற்றுக்கு அவளுக்குப் பெயர் தெரியாத ஒரு வாசனை இருந்தது. பசியோடு அவளைத் தேடி வந்த முதல் உயிர் கையில் உட்கார்ந்தபோது, அது குடித்து முடிக்கும்வரை அவள் அசையவில்லை.

வாசுகி சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சொல்ல மாட்டேம்மா. கொஞ்சம் இரு, துணி எடுத்து வெச்சுக்கறேன்."