பதிமூன்றாவது முடிச்சு

அன்றைக்கு இருந்தவர்கள்: பிள்ளைகள் பதிமூன்று பேர். காட்டு வகுப்பு டீச்சர் ஒருவர். துணைக்கு வந்த அம்மா ஒருவர். பூட்ஸ் அறையில் நான். ஆக மொத்தம் பதினாறு.

நாலைந்து வயசுப் பிள்ளைகளை வாரம் ஒருநாள் மரங்களுக்கு நடுவே கூட்டிப்போய், மண்ணையும் பூச்சியையும் தொட்டுப் பார்க்க வைக்கிற வகுப்பு அது. ரப்பர் பூட்ஸும் மஞ்சள் மழைக்கோட்டும் எடுத்துக் கொடுத்து, திரும்பி வந்ததும் எண்ணி வாங்கி வைப்பது என் வேலை.

ஒவ்வொரு வாரமும் ஒரு பெற்றோர் துணைக்குப் போகவேண்டும். அன்றைக்கு நத்தையின் அம்மா. எதைப் பார்த்தாலும் நின்றுவிடுகிற பெண் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் நத்தை.

அந்த அம்மா ஊதாக் கைக்குட்டையால் பெஞ்சைத் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு என்ன பாடம்?"

"போன வாரத்துப் பாடம்தாங்க. வழி தப்பினா, பக்கத்துல இருக்கற மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அங்கேயே நிக்கணும்," என்றார் டீச்சர்.

"அதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா? எங்க வீட்டுத் தூணையே கட்டிப் பிடிச்சிருப்பாளே."

டீச்சர் சிரித்து வைத்தார்.

நடந்து போவதற்கு ஒரு நீளக் கயிறு உண்டு. அதில் பதிமூன்று முடிச்சு. பிள்ளைக்கு ஒன்று. கிளம்பும்போதும் திரும்பும்போதும் டீச்சர் முன்னால் நின்று கயிற்றை இழுத்துப் பார்ப்பார். எந்த முடிச்சும் தொங்கவில்லை என்றால் எல்லோரும் வந்தாயிற்று என்று கணக்கு.

திரும்பும்போது நல்ல தூறல். தொப்பியை இழுத்துவிட்ட மஞ்சள் கோட்டுகளில் யார் எவர் என்று தெரியவில்லை. வாசலில் கயிற்றைப் போட்டு, பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகள் குழாயடிக்கு ஓடினார்கள்.

நான் பூட்ஸை அடுக்கினேன். பன்னிரண்டு ஜோடி.

மறுபடி எண்ணினேன். பன்னிரண்டுதான்.

நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. டீச்சரிடம் போய் மெல்லச் சொன்னேன்.

"ஒரு ஜோடி குறையுதுங்க."

டீச்சர் ஒவ்வொரு தொப்பியாக விலக்கிப் பார்த்தார். அந்த அம்மாவும் பார்த்தார்.

"எம் பொண்ணு எங்க?"

டீச்சர் கீழே கிடந்த கயிற்றை ஒரு கணம் பார்த்தார். "ஐயா, இவங்களைப் பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு ஓடினார். அம்மா பின்னாலேயே ஓடினார்.

பன்னிரண்டு பேரையும் பெஞ்சில் உட்காரவைத்து, எண்ணிக்கொண்டே இருந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பதினொரு நிமிஷம்.

அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து நத்தை வந்தாள். கன்னத்தில் மரப்பட்டை பதிந்த தடம்.

"எறும்பு பாத்துட்டிருந்தேன் தாத்தா. நிமிந்தா யாரும் இல்ல. அதான் மரத்தைப் பிடிச்சுக்கிட்டேன். நகரவே இல்ல."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்த அம்மாவுக்கு மூச்சோடு கோபமும் வந்தது.

"பதிமூணு வரைக்கும் எண்ணத் தெரியாதா உங்களுக்கு? உங்களை நம்பி எப்படிப் பிள்ளைய விடறது? ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து இந்த வகுப்பையே இழுத்து மூட வைக்கிறேன் பாருங்க."

"தப்பு என்னோடதுதான். முடிச்சைப் பாத்தேன், முகத்தைப் பாக்கல."

டீச்சர் அதையே ஆபீஸ் நோட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலையே போகலாம். உள்ளுக்குள் நானும் அந்த அம்மா பக்கம்தான். எண்ணிக்கை விஷயத்தில் எனக்கு இரக்கம் கிடையாது.

"அடுத்த வாரம் நாங்க வரமாட்டோம்," என்றார் அம்மா.

"நான் வருவேன்," என்றாள் நத்தை.

அம்மா அவள் கன்னத்துத் தடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, "பாக்கலாம்," என்றார்.

எல்லோரும் போனபின் கழுவுவதற்காகக் கயிற்றை எடுத்தேன்.

"வெச்சிருங்க ஐயா, நான் கழுவிக்கறேன்," என்று டீச்சர் வேகமாக வந்தார்.

"என்னைக்கு நீங்க கழுவினீங்க?"

அதற்குள் என் கை கடைசி முடிச்சுக்குப் போய்விட்டது. பன்னிரண்டு முடிச்சிலும் சேறு. பதிமூன்றாவதைச் சுற்றி, சேறு கையில் படாமல் இருக்க, ஊதாக் கைக்குட்டை கட்டியிருந்தது.

"பாதை வழுக்குச்சு ஐயா. சும்மா கெடக்குதேன்னு அந்தம்மா பிடிச்சிருப்பாங்க. கயிறு பிள்ளைங்களுக்கு மட்டும்னு நானும் சொல்லல."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஓடறதுக்கு முன்னாடியே."

"அவ்வளவு பேச்சு வாங்கினீங்களே, சொல்லியிருக்கலாமே."

"பொண்ணு பிடிக்க வேண்டிய முடிச்சைத் தானே பிடிச்சுக்கிட்டு, அவளை விட்டுட்டு வந்துட்டோம்னு தெரிஞ்சா அந்தம்மா எப்படித் தாங்குவாங்க? என்னைத் திட்டினது வீட்டுக்குப் போறதுக்குள்ள மறந்துடும். இது மறக்குமா?"

விட்டுப்போன சாமான்களை நோட்டில் எழுதி, எதிரே யாருடையது என்றும் எழுதி வைப்பது என் வழக்கம். ஆறு வருஷத்தில் அந்தக் கட்டத்தை நான் காலியாக விட்டதில்லை.

அன்றைக்கு விட்டேன்.

பூட்ஸ் பதிமூன்று ஜோடி. மழைக்கோட்டு பதிமூன்று. மிச்சம், கைக்குட்டை ஒன்று.