உறிஞ்ச மறுத்த மேசை

"இது கைத்தவறு இல்லீங்க. குற்றம்!" என்று அறிவித்தார் எஸ்கில்.

ஸ்வென்போர் துறைமுகத்தில், பழைய வலைக் கிடங்கில் நடக்கும் பொதுப் பட்டறை அது. ஊர்க்காரர்கள் சந்தா கட்டி இயந்திரங்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள். எல்லோருக்கும் செல்லப்பிள்ளை, கணினி சொன்னபடி மரப்பலகையை வெட்டும் ரூட்டர் இயந்திரம். பலகையை அதன் மேசையில் வைத்துப் பம்பைப் போட்டால், மேசை காற்றை உறிஞ்சிப் பலகையை அட்டைப்பூச்சி மாதிரி பிடித்துக்கொள்ளும். கொஞ்ச நாளாகப் பிடிக்கவில்லை. பம்பு அலறியது, பலகை வழுக்கியது.

பம்பைப் பார், குழாயைப் பார், வடிகட்டியைப் பார் என்று எஸ்கில் எல்லோரையும் ஓட ஓட விரட்டினார். கடைசியில் சங்கத் தலைவி போடில்தான் பொறுமை இழந்து மேசையின் மேல்பலகையைக் கழற்றினார். அடியில், மேசையின் உடம்பிலேயே வளைவாக ஒரு பள்ளம். காற்று கசிந்தது அதன் வழியாகத்தான். யாரோ ஆழத்தைத் தப்பாகக் கொடுத்து மேசையையே வெட்டியிருக்கிறார். அப்புறம் புதுப் பலகை போட்டு மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல வீட்டுக்குப் போயிருக்கிறார்.

"யாருன்னு நான் கேக்கப் போறதில்ல," என்றார் போடில். "தப்புப் பண்ணினவங்க கேக் கொண்டாரணும், அதானே நம்ம வழக்கம்? வாயைத் தொறந்து ஒத்துக்கக்கூட வேணாம். வர்ற சனிக்கிழமை காபி மேசையில கேக் இருந்தா, அன்னைக்கே எல்லாரும் சேந்து ரிப்பேர் பண்ணிடுவோம். இல்லேன்னா மெஷினுக்குப் பூட்டுதான். வசந்தத்துல பொதுக்குழு கூடி முடிவு பண்ணட்டும்."

பூட்டு என்றதும் விகோ நிமிர்ந்து பார்த்தான். பட்டறைக்குப் புதிதாக வந்த இளைஞன் அவன். வசந்தத்தில் தேனிலவே நம் சொந்தப் படகில்தான் என்று காதலிக்கு வாக்குக் கொடுத்திருந்தான். படகின் விலாச் சட்டங்களில் பாதி இன்னும் வெட்டவே இல்லை.

எஸ்கில் அதற்குள் துப்பறியத் தொடங்கிவிட்டார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஆடும் நாற்காலி செய்வதில் கைதேர்ந்தவர், அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதில் அதைவிடத் தேர்ந்தவர். விகோவின் விலாச் சட்டம் ஒன்றை எடுத்துப் பள்ளத்தின்மேல் வைத்தார். ஏறக்குறையப் பொருந்தியது. பொருந்தாத இடத்தில் அவருடைய கட்டைவிரல் இருந்தது.

"என்ன தம்பி, இந்த வளைவை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே?"

"சத்தியமா நான் இல்லீங்க!"

"நான் ஒண்ணுமே சொல்லலையே! சும்மா கேக்கறேன், கேக்குல உனக்கு ஸ்ட்ராபெரி புடிக்குமா, சாக்லேட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். விகோவின் காது சிவந்துபோயிற்று. அந்த வாரம் முழுக்க, ரொட்டிக் கடையில் பார்த்தவர்கள்கூட அவனைப் பார்த்துக் கண்ணடித்தார்கள்.

சனிக்கிழமை காலை, நல்ல மழை. எஸ்கில்தான் முதலில் வந்து காபி போட்டார். இருப்புக்கொள்ளாமல் அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

விகோ ஓர் அட்டைப் பெட்டியோடு உள்ளே வந்தான். காபி மேசையில் வைத்துத் திறந்தான். கிரீம் கேக். நடுவில், குச்சியில் குட்டியாக ஒரு காகிதக் கொடி.

"இது எதுக்குப்பா?" எஸ்கில் கொடியை வெடுக்கென்று பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பண்ணின காரியத்துக்குக் கொடி வேற ஏத்தணுமா?"

விகோ வாயைத் திறப்பதற்குள் போடிலும் மற்றவர்களும் நுழைந்துவிட்டார்கள். முதலில் கேக்கைப் பார்த்தார்கள். அப்புறம் விகோவைப் பார்த்தார்கள்.

"வந்துடுச்சு பாருங்க!" என்றார் எஸ்கில், குரலில் தேன் வழிய.

போடிலுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "பெரிய மனசுப்பா உனக்கு. இனிமே இதைப் பத்தி யாரும் மூச்சு விடக் கூடாது. பூட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். எடுங்கப்பா சாமானை!"

விகோ திறந்த வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தான்.

பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். சீக்கிரம் இறுகும் ரெசினை ஊற்றி, இறுகியதும் மட்டமாக இழைத்தார்கள். காற்று கசியாமல் மேசை ஓரத்தை அடைக்கும் ரப்பர் கயிறு நைந்துபோயிருந்தது, அதையும் மாற்றினார்கள். மதியம் பம்பைப் போட்டதும் பலகை சப்பென்று ஒட்டிக்கொண்டது. எஸ்கில் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. ஒரே கைதட்டல். மற்றவர்களைவிட உரக்கத் தட்டியவன் விகோ. எஸ்கில் மூன்று துண்டு கேக் சாப்பிட்டுவிட்டு, "தப்பு தப்புதான், ஆனா கேக் அருமை" என்று மன்னித்தார்.

கிளம்பும்போது எஸ்கிலின் கருவிப் பெட்டியை விகோ அவருடைய கார்வரை தூக்கிவந்தான்.

"நீ கீழ வச்சிடு தம்பி. நானே ஏத்திக்கறேன்."

"பரவால்லீங்க. அந்தக் கொடியை மட்டும் குடுத்துடுங்க. என் காதலி ஆசையா குத்தி அனுப்பினது. இன்னைக்கு எனக்குப் பொறந்தநாள்."

எஸ்கில் சட்டைப் பையிலிருந்து கொடியை எடுத்து நீட்டினார்.

"உள்ளயே சொல்லியிருப்பேன். 'அது தப்புக் கேக் இல்ல, பொறந்தநாள் கேக்'னு சொன்னா திரும்பவும் பூட்டுன்னு ஆரம்பிச்சிடுவாங்களேன்னுதான் விட்டுட்டேன்," என்றான் விகோ. "ஆனா ஒண்ணுதான் புரியல. பொறந்தநாள் கேக்குலதான் கொடி குத்துவாங்கன்னு இந்த ஊர்ல கைக்கொழந்தைக்குக்கூடத் தெரியும். உங்களுக்குத் தெரியாதா? ஏன் மறைச்சீங்க?"

எஸ்கில் பெட்டியை வாங்க அவசரமாகக் கை நீட்டினார். பெட்டி கனத்தது. விகோ கார் டிக்கியைத் திறந்தான்.

உள்ளே, ஆடும் நாற்காலியின் வளைந்த கால் ஒன்றை ஒட்டி, கொடி குத்தாத பெரிய கேக் ஒன்று வெட்டப்படாமல் உட்கார்ந்திருந்தது.