மடங்கிப் போன கத்தி

பசுபதியின் இரும்புக் கடையில் இரண்டு வகைக் கத்திகள் உண்டு. ஒன்று விற்பதற்கு. இன்னொன்று வெட்டுவதற்கு.

விற்கிற கத்தி பளபளவென்று இருக்கும். அதில் முகம் பார்க்கலாம். அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. விலை மலிவு. தெற்கு மாசி வீதியில் போகிற பெண்கள் ஆசையாக வாங்குவார்கள். வாங்கின வேகத்தில் திரும்பியும் வருவார்கள்.

"கத்தரிக்காயே வெட்ட மாட்டேங்குதுங்க."

"தக்காளி வெட்டினீங்களா?" என்பார் பசுபதி.

"ஆமா."

"அதான். புளிப்பு ஆகாதும்மா."

எலுமிச்சம்பழமும் ஆகாது. தேங்காயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்தக் கத்தியால் எதைத்தான் வெட்டலாம் என்பதைப் பசுபதி யாரிடமும் சொன்னதில்லை.

வெட்டுகிற கத்தி உள்ளே மரப்பெட்டியில் தூங்கியது. லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்தது. விலையைக் கேட்டதும் எல்லாரும் பளபளப்புக்கே திரும்பிவிடுவார்கள்.

எழுபத்தெட்டாம் வருஷத்துச் சித்திரை வெயிலில், தெருவில் ஆளே இல்லாத ஒரு மத்தியானம், கடைக்குள் ஒரு மீசை வந்தது. பின்னாலேயே அதற்குச் சொந்தக்காரரும் வந்தார். மடியிலிருந்து பேப்பர் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே பசுபதி விற்ற கத்தி. நடுவில் மடங்கியிருந்தது. பிடியோரம் காய்ந்து கறுத்த கறை.

"அண்ணே, இது ஒங்க கடையில வாங்குனதுதானே?"

"தக்காளி வெட்டினீங்களா?" பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது.

"ஆளை வெட்டுனேன்."

பசுபதி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எலும்புல பட்டதும் மடங்கிருச்சு. அந்தப் பய தப்பிச்சு ஓடிட்டான். எம்புட்டு அவமானம் பாருங்க! நம்ம தொழில்ல பேரு முக்கியமில்லையா?"

"முக்கியந்தான்" என்றார் பசுபதி.

"இப்ப ஆசுபத்திரியில கெடக்கான். போலீசு என்னையப் பிடிச்சா மொதக் கேள்வி என்ன கேப்பாங்க? கத்தி எங்கடா வாங்குனேன்னு கேப்பாங்க. எனக்குப் பொய் சொல்ல வராதுண்ணே."

பசுபதியின் மூத்த மகளுக்குத் திருநகரில் வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் எல்லாரும் பேப்பர் படிக்கிறவர்கள்.

"பணத்தைத் திருப்பித் தந்துடுறேன்."

"பணத்தை வச்சு என்ன பண்ண? எனக்கு வேலை கெடக்கு. உருப்படியா ஒரு கத்தி குடுங்க. இதை நீங்களே வச்சுக்கங்க. நான் இந்தப் பக்கமே வந்ததில்ல."

மரப்பெட்டி திறந்தது. பசுபதி கத்தியை நகத்தால் சுண்டினார். மணி மாதிரி கேட்டது. இரும்பு பிடியின் அடிவரைக்கும் ஓடுவதைக் காட்டினார். முந்தின நாள் மாலைப் பேப்பரைத் தொங்கவிட்டு ஓர் இழுப்பு இழுத்தார். முதல் பக்கத்து மந்திரி இரண்டானார்.

"நாள் முழுக்க வெட்டுனாலும் கை வலிக்கக் கூடாது."

"நாள் முழுக்கவா?"

"சீசன்ல ஓய்வே இருக்காதுண்ணே."

பயம் பசுபதியை நேர்மையானவராக்கியது. இத்தனை வருஷ வியாபாரத்தில் யாருக்கும் சொல்லாததையெல்லாம் சொன்னார். "வேலை முடிஞ்சதும் கழுவி, ஈரம் போகத் துடைச்சிடுங்க. இல்லேன்னா துரு ஏறும். லேசா தேங்கா எண்ணெய் தடவி வைங்க. கல்லு மேலயோ தட்டு மேலயோ வச்சு வெட்டினா கூர் போயிடும். மரப்பலகைதான் நல்லது."

"ஆளைப் பலகையில படுக்க வைக்கணுமா?"

"முடிஞ்சா" என்றார் பசுபதி.

"தீட்டுறது?"

"கல்லை நனைச்சுட்டு, கத்தியை லேசாச் சாய்ச்சு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தேய்க்கணும். அவசரம் கூடாது."

"நான் எதுலயும் அவசரப்பட மாட்டேண்ணே."

தீட்டுகிற கல்லும் இலவசமாகப் போனது. வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"சின்னக் கத்தி ஒண்ணும் குடுத்துருங்க. நுணுக்கமான வேலைக்கு."

என்ன நுணுக்கம் என்று பசுபதி கேட்கவில்லை. கொடுத்தார்.

அன்று சாயங்காலமே மடங்கின கத்தியைப் பாலத்திலிருந்து வைகையில் வீசினார். வைகையில் தண்ணீர் இல்லை. கத்தி மணலில் ஊருக்கே தெரிகிற மாதிரி மின்னிக்கொண்டு கிடந்தது. இறங்கிப் போய்ப் புதைத்துவிட்டு வந்தார்.

அதன் பிறகு பேப்பரில் கொலைச் செய்தி தவிர வேறு எதையும் அவர் படிக்கவில்லை. கழுத்தில் வெட்டு இருந்தது, வயிற்றில் குத்து இருந்தது. நுணுக்கமாக எதுவும் தென்படவில்லை. தூக்கம் போனது. சோறு இறங்கவில்லை.

ஆவணியில் ஒத்தக்கடையில் ஒரு கல்யாணம். தெரிந்த வியாபாரி வீட்டு விசேஷம். போகாமல் இருக்க முடியாது. அவியலில் காயெல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு. கோஸ் பொரியல் நூல் நூலாக இருந்தது. அத்தனை நாளில் முதல் தடவையாகப் பசுபதி வயிறாரச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டுப் பெண்ணின் அப்பாவிடம் பாராட்டவும் செய்தார்.

"எல்லாம் நம்ம சமையக்காரர் தவசி கைவேலை. பின்னாடிதான் இருக்காரு. ஒங்க மக கல்யாணத்துக்கும் இப்பவே சொல்லி வச்சிருங்க."

பசுபதி பின்கட்டுக்குப் போனார். புகைக்கு நடுவே ஒரு மரப்பலகை. பலகை மேல் பூசணிக்காய். பூசணிக்காய் மேல் பசுபதியின் கத்தி. கத்திக்கு மேலே மீசை.

'அடப்பாவி!' என்று அவர் ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் யாரோ தோளைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்தார்கள். பக்கத்துத் தெருப் பாத்திரக்கடை மலையாண்டி. முகத்தில் ரத்தமே இல்லை.

"கிட்டப் போயிராதீங்கண்ணே, கொலைகாரப் பய! எவன் மண்டையிலயோ போட்டு என் கடைக் கரண்டி வளைஞ்சிருச்சுன்னு போன மாசம் வந்து நின்னான்; அந்தா, அடுப்புல சாம்பார் கொதிக்குது பாருங்க, அந்த அண்டா வரைக்கும் என்னுதுதான்!"