வெள்ளைப் பூசை

பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, கல்யாணத்துக்காக ஜோடிகள் வரிசையில் நின்றன.

பாதிரியார் அன்று காலைதான் படகில் வந்து இறங்கியிருந்தார். ஆங்கிலேயர் இவர்களுடைய பிரெஞ்சு ஊரையே கப்பலேற்றித் துரத்தியதில் பிழைத்தவர்கள் காட்டுவழியே திரும்பிவந்து இந்த வளைகுடாவில் குடியேறிய பிறகு வந்த முதல் பாதிரியார்.

அதுவரை, மரக்கட்டைகளை அடுக்கி அவர்களே கட்டிய கோவிலுக்கு எல்லாமே சில்வேன்தான். அவனுக்குத்தான் படிக்கத் தெரியும். ஞாயிறுதோறும் அப்பமும் திராட்சை ரசமும் இல்லாமல் ஜெபங்களை மட்டும் வாசித்தான். ஊர் அதை வெள்ளைப் பூசை என்றது. இறந்தவர்களை அடக்கம் செய்தான். கல்யாணமும் செய்துவைத்தான். அந்தக் கல்யாணங்கள் செல்லுபடியாக வேண்டுமென்றால் பாதிரியார் மறுபடி சம்மதம் கேட்க வேண்டும்.

தப்பிக்க இதுதான் கடைசி வாய்ப்பு என்று வரிசையில் நின்ற ஓனோரேயின் காதில் மைத்துனன் ஓதினான். ஓனோரேயின் மனைவி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டே சம்மதம் சொன்னாள்.

கடைசியாகச் சில்வேனும் மனைவி ஒசித்தும் வந்து நின்றார்கள். பின்னால் அவர்களுடைய மூத்த மகள், இடுப்பில் தம்பி.

உங்களுக்கு யார் செய்துவைத்தது என்று பாதிரியார் கேட்டார். மாப்பிள்ளையும் நான்தான், பாதிரியும் நான்தான் என்றான் சில்வேன். கோவிலே சிரித்தது.

பாதிரியார் கேட்டதும் சில்வேன் தன் ஞாயிற்றுக்கிழமைக் குரலில் சம்மதம் சொன்னான்.

பாதிரியார் ஒசித்தைக் கேட்டார்.

அவள் சில்வேனைத் திரும்பிப் பார்த்தாள்.

இப்போது இவள் மறுத்தால், இத்தனை வருடமும் இவள் சில்வேனின் மனைவியே இல்லை.

மகள் தம்பியை இறுக்கிக்கொண்டாள்.

"இவரே கேக்கட்டும் சாமி," என்றாள் ஒசித். "அன்னிக்குத் தன்னைத்தானே கேட்டுக்கிட்டாரு, தானே சம்மதம்னாரு. என்னைக் கேக்காமலே புத்தகத்தை மூடிட்டாரு."

இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

சில்வேன் கேட்டான். ஊரில் எல்லாப் பெண்களிடமும் கேட்ட அதே வார்த்தைகள்தான். பாதியில் குரல் உடைந்தது.

ஒசித் அவசரப்படவில்லை. வெளியே, ஏறிவரும் கடல் சேற்றை மூடும் ஓசை கேட்டது.

"ம்," என்றாள்.

அது போதாது என்றார் பாதிரியார்.

சில்வேனுக்குப் போதுமாக இருந்தது.