பாறையில் ஓர் உப்புக்கோடு

புயல் வருவதற்குள் நண்டுகள் தங்கள் வளைகளுக்கு முன்னால் அவசரமாக மணல் அணை கட்டின. போன புயலில் வெள்ளம் பாறையில் விட்டுப்போன உப்புக்கோடுதான் அவற்றுக்கு அளவு. அணை கோட்டு உயரத்தைத் தொட்டதும், "போதும், நிறுத்துங்க" என்றது தலைவர் நண்டு.

"இன்னும் ஏத்துங்க. வருஷா வருஷம் தண்ணி என்மேல ஏறிக்கிட்டே இருக்கு," என்றது பாறை.

"அதுக்குக் கோடு எங்கே? காட்டு."

இன்னும் வராத தண்ணீருக்குப் பாறையில் கோடு இல்லை. கடல் கறுத்து உறுமியது. நண்டுகள் வளைக்குள் போயின.

விடிந்தபோது அணையும் இல்லை, வளைகளும் இல்லை. தப்பியது தலைவர் நண்டு மட்டும்தான். அது பாறைமேல் ஏறி, பழைய கோட்டுக்கு மேலே ஈரம் காயாத புதிய உப்புக்கோட்டைத் தடவிப் பார்த்தது.

"இப்பதான் சரியான அளவு கிடைச்சிருக்கு," என்றது.