மேஸ்திரியின் பை

"இந்த ஊர்ல இந்த இடிகல்லை ஒரு நாளாவது கையில எடுத்தியா?" என்றார் மேஸ்திரி.

அவர் பெண்டாட்டி கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை அகலக் கல், விரல் நீளக் குழவி. அவள் அம்மா கொடுத்தது.

"எடுக்கலை. அதுக்கு?"

"அப்ப அது வெளிய. சட்டம் சட்டந்தான்."

சட்டம் அவர் போட்டது. மகன் வீட்டில் ஆளுக்கொரு மூலையில் கால் உடைந்த நாற்காலி மாதிரிக் கிடந்தது போதும் என்று இருவரும் அயல்நாட்டுக்குக் கிளம்பிய நாளில் போட்டது. அங்கே எந்த ஊரிலும் வெளியாளை மூன்று மாதத்துக்கு மேல் தங்க விடுவதில்லை. அவர் தரைக்குக் கல் பதிப்பார். அவள் யார் அடுப்படியிலாவது நிற்பாள். கெடு முடிந்ததும் அடுத்த ஊருக்குப் பஸ். ஆளுக்கு ஒரு பைதான். அதனால் ஒரு ஊரில் பயன்படாத சாமான் அடுத்த ஊருக்கு வரக் கூடாது.

இரும்புச் சட்டி அப்படித்தான் போயிற்று. ஓடாத கடிகாரம் போயிற்று. மகன் நடை பழகும்போது உருட்டிய மரவண்டி போயிற்று. மரவண்டி போன அன்று அவள் சாப்பிடவில்லை.

"கல்லு மாதிரி மனசு உங்களுக்கு."

"கல்லு பதிக்கறவனுக்குப் பஞ்சு மாதிரியா இருக்கும்?"

அவர் தேநீர்த் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். அப்படியும் கொஞ்சம் சட்டையில் சிந்தியது.

"என்னங்க, குளிருதா?"

"பின்ன?"

ஜன்னலுக்கு வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது.

"என் பையை மட்டும் சோதனை போடுறீங்க. உங்க பையில எதைப் போடப் போறீங்க?"

"அது தொழில் சாமான்டி. கரணை, மட்டக்கோல், சுத்தியல். சோறு போடுறதை எவனாவது தூக்கிப் போடுவானா?"

அந்தப் பையை அவள் தொட்டதில்லை. கருவியைப் பெண்டாட்டி தொட்டால் தொழில் படுத்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. காலையில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போவார். சாயங்காலம் பேண்ட்டெல்லாம் சிமெண்டுத் தூசியோடு வருவார். இந்த ஊர்க் கூலி மட்டும் ஏனோ இழுத்துக்கொண்டே போனது.

"அந்த முதியோர் விடுதியில இருந்து மறுபடி கூப்பிட்டாங்க" என்றாள்.

"நாம இப்பப் போற ஊர்ல இருக்கே, அதுவா?"

"அதான். நிரந்தரமா சமையல் வேலை. தங்கறதுக்கு அனுமதியும் அவங்களே வாங்கித் தருவாங்களாம். பின்பக்கம் ஒரு அறை. ஆனா ஒரு ஆளுக்குத்தான். புருஷன் கூட வரக் கூடாதாம்."

"என்ன சொன்ன?"

"என்னத்தைச் சொல்றது? அந்த ஆளு என் பிடரியில உட்கார்ந்திருக்காரு, இறக்கி வச்சுட்டு வர முடியாதுன்னேன்."

மேஸ்திரி சிரித்தார். பிறகு கேட்டார்: "அறையில உள்தாழ்ப்பாள் இருக்காமா?"

"இருக்காம். சுவர்ல அலமாரிகூட இருக்காம்." அவள் கை மடிப்பதை நிறுத்தியது. "ஒரு சாமானை வச்சா, அடுத்த வருஷமும் அது அங்கேயே இருக்கும்."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். இடிகல்லை எடுத்துக்கொண்டார். தன் பையையும் தோளில் மாட்டினார்.

"குப்பை போடறதுக்குப் பை எதுக்கு?"

"வாடகைக்கு விட்ட வீட்டுக்காரன் முழியே சரியில்லை. தொழில் சாமானை நம்பி விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

திரும்பி வந்தபோது கையில் கல் இல்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ் நிலையம் வரைக்கும் அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக அவளை உட்கார வைத்தார். தன் பையை இழுத்து இழுத்து அவள் காலடியில் தள்ளினார்.

"தண்ணி பிடிச்சுட்டு வரேன். பையைப் பார்த்துக்க."

"அதிசயமா இருக்கே. குப்பைக்குக்கூடத் தூக்கிட்டுப் போனீங்க?"

"தண்ணிக்குமா தூக்கிட்டுப் போவாங்க?" என்று இறங்கிப் போனார்.

பஸ் உறுமியது. நகர்ந்தது. அவள் எழுந்து நின்று கத்தினாள்.

"நிறுத்துங்க. எங்க வீட்டுக்காரர் இன்னும் ஏறலை."

கண்டக்டர் ஒரு விரலைக் காட்டினான். "டிக்கெட் ஒண்ணுதாம்மா எடுத்திருக்காரு. இறங்கற இடத்துல ஏதோ விடுதிக்காரங்க வந்து உங்களைக் கூட்டிட்டுப் போவாங்களாம். அவர்தான் சொல்லிட்டுப் போனாரு."

அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். தூண் ஓரமாக மேஸ்திரி நின்றிருந்தார். இரண்டு கையையும் கக்கத்தில் இறுக்கி வைத்திருந்தார். அப்படியும் தோள் வரைக்கும் நடுங்கியது.

பாவி மனுஷன், கருவி இல்லாமல் அங்கே எப்படிப் பிழைப்பார்? பையைத் தூக்கி வெளியே போட்டுவிடலாம் என்று குனிந்தாள். தூக்க முடியவில்லை. கருவியாவது கைக்கு வரட்டும் என்று, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அதைத் திறந்தாள்.

மேலாக இடிகல் இருந்தது. அதற்குக் கீழே இரும்புச் சட்டி, ஓடாத கடிகாரம், மகனுடைய மரவண்டி. கரணை இல்லை, மட்டக்கோல் இல்லை, சுத்தியல் இல்லை. அவருடையது என்று ஒரு சட்டைகூட இல்லை.

இந்த ஊரில் பயன்படாமல் போன ஒரு சாமானை மட்டும், தான் போட்ட சட்டப்படி, மேஸ்திரி பஸ் நிலையத்தில் விட்டிருந்தார்.