ஓரத்தில் நின்ற குஞ்சு

காலையிலிருந்து ஒற்றைக்காலில் நின்று கொக்கு எடுத்த படம் அது. அதன் குஞ்சு முதல் மீனைக் கவ்வும் படம்.

அதைக் கொக்கு கொண்டுபோய்க் காட்டிய குளக்கரைப் புகைப்படக் குழுவில் ஆளுக்கொரு குறை சொன்ன பிறகுதான் பாராட்டுவது வழக்கம்.

"தாமரை இடைஞ்சல், வெட்டிடுங்கக்கா" என்றது காக்கா. கொக்கு வெட்டியது.

"கரை எதுக்கு?" என்று தலையாட்டியது ஓணான். அதுவும் போயிற்று.

"இப்போ குஞ்சு ஓரத்துக்கு வந்துடுச்சே, கண்ணை உறுத்துது" என்றது ஆமை.

கொக்குக்குக் கால் கடுத்தது. மல்லுக்கட்டத் தெம்பில்லை. குஞ்சையும் வெட்டியது.

மிச்சமிருந்த வெறுந்தண்ணீரைப் பார்த்து, "அடேயப்பா!" என்றன மூன்றும்.

மரத்தில் குஞ்சு தூங்காமல் காத்திருந்தது.

"அம்மா, என்னைப் பத்தி என்ன சொன்னாங்க?"

"பிரமாதம்னாங்க" என்ற கொக்கு, படத்தைச் சிறகுக்குள் செருகிக்கொண்டது.